டூ-ஸ்ட்ரோக் வண்டியில் காற்று கசிகிறதா?

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்எக்ஸ் 100 இரைந்துகொண்டே இருக்கிறதா? கேபிள் சிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப்பொடி நிறத்துக்குப் பதில் வெளுத்திருந்தால், எங்கோ காற்று புகுகிறது என்று சந்தேகிக்கலாம்.

வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, கார்ப்பரேட்டர் ரப்பர், ரீட் வால்வு கேஸ்கெட் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறும் இடத்தில்தான் கசிவு. சிலர் பெட்ரோல் தெளிப்பார்கள். தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம்.

அங்கே மாற்றமில்லையா? கிராங்க் ஆயில் சீலைக் கவனியுங்கள். மேக்னெட் பக்கம் போயிருந்தால் சீலைச் சுற்றிப் பிசுக்கு தெரியும். கிளட்ச் பக்கம் போனால் கியர் ஆயில் குறையும், புகை கூடும். உறுதி செய்ய, மெக்கானிக்கிடம் இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்றேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கக் கூடாது.

கசிவை அடைக்காமல் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள், பிஸ்டன் சீஸ் ஆகிவிடும்.