மேய்ந்தபடி நகரும் பொட்டு

அன்புள்ள கயல்,

உன் கேள்வி வந்தபோது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரலால் தட்டி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் இந்தக் கடிதம். பாக்டீரியாவில்தான் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகளே கிடையாதே, பிறகு அவற்றைப் பிரிப்பது யார் என்று கேட்டிருந்தாய்.

1963-இல் ழாக்கோப், பிரென்னர், கூசான் மூவரும் ஒரு யூகம் சொன்னார்கள். குரோமோசோமின் இரண்டு நகல்களும் செல்சவ்வில் ஒட்டியிருக்கும். நடுவில் சவ்வு வளர வளரத் தாமே விலகிவிடும். அழகான யூகம்தான். ஆனால் பின்னாளில் நுண்ணோக்கியில் பார்த்தால், செல் வளர்கிற வேகத்தைவிடக் குரோமோசோம் வேகமாக ஓடியது!

நன்னீரில் வாழும் காலோபாக்டர் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள். நகலெடுப்பு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பார்-எஸ் என்ற சிறு டிஎன்ஏ வரிசை இருக்கிறது. அங்கே பார்-பி புரதம் கூட்டமாக ஏறிக்கொள்ளும். அதோடு ஒளிரும் புரதமொன்றை இணைத்துவிட்டால், செல்லின் ஒரு முனையில் பொட்டு தெரியும். கொஞ்ச நேரத்தில் பொட்டு இரண்டாகும். ஒன்று அங்கேயே நிற்க, மற்றது எதிர்முனைக்குக் கிளம்பும்.

வழியெங்கும் டிஎன்ஏ மேல் பார்-ஏ புரதம் ஆற்றல் தரும் ஏடிபியோடு பரவிக் கிடக்கிறது. பார்-பி தொட்டதும் ஏடிபி உடைந்து பார்-ஏ கழன்றுவிடும். மேய்ந்த இடத்தை விட்டுப் புல் இருக்கும் பக்கமே நகரும் ஆடு மாதிரி, பொட்டு முன்னேறும். ஆட்டுக்குக் கால் உண்டு, பொட்டுக்கு இல்லை. டிஎன்ஏவின் நெளிவே அதை இழுக்கிறது என்கிறார்கள். எதிர்முனையில் பாப்-இசட் என்ற புரதம் பிடித்து நிறுத்திவிடும்.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பது. மிப்-இசட் என்ற இன்னொரு புரதம் பார்-பியை ஒட்டியே வாழும். 2006-இல் தான்பிக்லரும் லூசி ஷபீரோவும் காட்டியது இது. பொட்டுகள் இரு முனைக்கும் போய்விட்டால் மிப்-இசட்டும் முனைகளில் குவியும், நடுவில் குறையும். செல்லை வெட்டும் எஃப்டிஎஸ்-இசட் வளையம் மிப்-இசட் குறைந்த இடத்தில்தான் உருவாகும். குரோமோசோம் போய்ச் சேர்ந்ததே வெட்டுவதற்கான அடையாளம்!

பார்-ஏவோ பார்-பியோ இல்லாவிட்டால் காலோபாக்டர் பிழைக்காது. மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் பார்-பி இல்லாமலும் வளரும். ஆனால் நூறு செல்லில் ஒன்றிரண்டு டிஎன்ஏ இல்லாமலே பிறக்கும். அதன் பார்-ஏ நகலெடுப்பின் தொடக்கத்தையும் கட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாடு தவறினால் தேவைக்கு மேல் நகல்கள் சேரும். ஆய்வகங்களின் செல்லப்பிள்ளையான ஈ. கோலைக்கோ குரோமோசோமில் இந்த ஏற்பாடே இல்லை. அதன் கதை தனி.

லீவுக்கு வரும்போது பார்-பி இல்லாத பாசில்லஸின் படம் காட்டுகிறேன்: நீலச் சாயம் ஏறிய செல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் வெறும் கூடாகக் கிடக்கும்.

அன்புடன்,
அத்தை