சோக் சுற்ற எந்தக் கேபிள்? சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஈப்போ, சிலிபினில் வரிசை வீட்டுக் கூரைக்கு மேல் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆண்டெனா கட்ட நினைக்கும் ஹாம் வானொலி ஆர்வலருக்கு இடம் தாராளமாகக் கிடைப்பதில்லை. நடுவில் ஒரு கம்பம், இரண்டு பக்கமும் வேலியை நோக்கிச் சரியும் 20 மீட்டர் கம்பி, கம்பத்திலிருந்து சன்னல் வழியே உள்ளே வரும் கோஆக்ஸ் கேபிள். சில அடி தள்ளி அடுத்த வீட்டு எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், ஆஸ்ட்ரோ பெட்டி. மைக்கை அழுத்தினால் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி கரகரக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் இரைச்சல் சுவர்போல நிற்கிறது. பல வீடுகளில் இந்த இரண்டு தொல்லையும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: கேபிளின் வெளித்தோலில்.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது செம்புக்குள் இறங்கும் ஆழம் ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர்தான். அதனால் கோஆக்ஸின் செம்புப் பின்னலுக்கு உட்புறம் ஒரு கம்பி, வெளிப்புறம் வேறொரு கம்பி என்றே கணக்கு. நடுக்கம்பியும் பின்னலின் உட்புறமும் சேர்ந்து அலையை ஆண்டெனாவுக்குக் கொண்டுபோகின்றன. டைபோலின் நடுவில் அந்த மின்னோட்டத்தில் ஒரு பங்கு பின்னலின் வெளிப்புறத்துக்கு வழிந்து வீட்டை நோக்கித் திரும்புகிறது. இதைத்தான் ஹாம்கள் காமன் மோட் கரண்ட் என்கிறார்கள். அதன் வழியை மறிப்பது சோக்: ஃபெரைட் வளையத்தில் அதே கோஆக்ஸைச் சில சுற்றுகள் சுற்றியது. வேலை இவ்வளவு எளிமையானது. ஆனால் எந்தக் கேபிளைச் சுற்றுவது என்ற கேள்வியில்தான் தவறான நம்பிக்கைகள் மண்டிக் கிடக்கின்றன.

முதலாவதும் பிடிவாதமானதும் இது: தடித்த கேபிள்தான் நல்ல சோக் தரும், ஏனெனில் அதில் இழப்பு குறைவு.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது உதிர்ந்துவிடும். ஒரு சோக்குக்குத் தேவைப்படும் கேபிள் சுமார் ஒன்றரை மீட்டர். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்ஜி-58, 14 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஐந்தரை டெசிபெல் அளவில் இழக்கும். ஒன்றரை மீட்டருக்கு அது 0.08 டெசிபெல்; 100 வாட் அனுப்பினால் இரண்டு வாட்டுக்கும் குறைவான இழப்பு. 10.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்ஜி-213ஐப் போட்டால் ஒரு வாட் மிச்சமாகும். எதிர்முனையில் கேட்பவர் காதுக்கு அந்த ஒரு வாட் எட்டவே எட்டாது.

அந்த ஒரு வாட்டுக்காக இழப்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஹாம்கள் பரவலாக வாங்கும் எஃப்டி240 வளையத்தின் துளை 35.5 மில்லிமீட்டர். ஒரே அடுக்காக ஆர்ஜி-58 அதில் 19 தடவை நுழையும் அளவுக்கு இடமுண்டு. ஆர்ஜி-213க்கு ஏட்டுக் கணக்கில் ஏழு; கையில் பிடித்துச் சுற்றினால் ஐந்தே பெரும்பாடு. சோக்கின் தடுப்பு ஆற்றலோ குறைந்த அதிர்வெண்களில் சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. ஆர்ஜி-213இன் ஐந்து சுற்றுக்கும் ஆர்ஜி-58இல் தாராளமாகப் போடக்கூடிய பதினான்கு சுற்றுக்கும் இடையே ஏறக்குறைய எட்டு மடங்கு வித்தியாசம். தடித்த கேபிள்தான் வேண்டும் என்பவர் நான்கைந்து வளையங்களை ஒன்றாக அடுக்கி, பெரிய சுற்றுகளாகச் சுற்றலாம். நல்ல சோக் கிடைக்கும். செலவும் எடையும் கம்பத்தின் தலையில் ஏறும்.

அமெரிக்க ஹாம் வால்டர் மேக்ஸ்வெல், டபிள்யூ2டியூ என்ற அழைப்புக்குறிக்காரர், 1983இல் வெளியிட்ட வடிவத்தில் சுற்றே கிடையாது. மெல்லிய ஆர்ஜி-303 கேபிளின் மேல் 50 ஃபெரைட் மணிகளைச் சரம்போல் கோத்தார். கேபிள் தடித்திருந்தால் அந்தச் சின்ன மணிகளுக்குள் நுழைந்தே இருக்காது. இன்றும் அந்த வடிவம் புழக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது நம்பிக்கை, ஃபெரைட் நல்ல அலையையும் விழுங்கிவிடும் என்பது. கோஆக்ஸுக்குள் நடுக்கம்பியில் போவதும் பின்னலில் திரும்புவதும் சம அளவு, எதிர்த்திசை. அவற்றின் காந்தப்புலம் வெளியே வருவதில்லை. வளையத்தின் கண்ணில் படுவது வெளித்தோல் மின்னோட்டம் மட்டுமே.

ஃபெரைட்டே வேண்டாம், பிவிசி குழாயில் ஏழெட்டுச் சுற்று கேபிள் போதும் என்பாரும் உண்டு. அது முற்றிலும் பொய்யல்ல; ஒரு குறுகிய அலைவரிசையில் வேலை செய்யும். ஆனால் அந்தச் சுருளின் தடை முழுவதும் தூண்டல் தன்மையுள்ளது. கேபிளின் வெளிப்பக்க நீளம் மின்தேக்கித் தன்மையோடு அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, மறிக்க வேண்டிய மின்னோட்டம் கூடிவிடும். சோக்குக்குப் பயன்படும் 31 எண் ஃபெரைட் கலவையின் தடையில் பெரும்பங்கு மின்தடையாக இருப்பதால் இந்த ஆபத்து அங்கே இல்லை.

அடுத்தது டெஃப்லான். ‘டெஃப்லான் கேபிள் இல்லாவிட்டால் உருகிவிடும்’ என்ற பயத்தில் 100 வாட் நிலையத்துக்கும் ஆர்ஜி-400 தேடுபவர்கள் இருக்கிறார்கள். கேபிளின் காப்புப் பொருளுக்கு மலாயா மண்ணோடு பழைய உறவு உண்டு என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கலாம். 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்குக் காப்பாக இருந்தது கட்டாபெர்ச்சா. இந்த வட்டாரக் காடுகளில் தாபான் மரத்திலிருந்து எடுத்த பால். நம் தோட்டப்புறத்தார் ரப்பரைக் கித்தா என்கிறார்களே, அதே மலாய்ச் சொல்தான் அந்தப் பெயரிலும் இருக்கிறது. மரம் மட்டும் வேறு. 1933இல் இங்கிலாந்தில் பாலித்தீன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தப் பாலுக்கு வேலை போயிற்று. டெஃப்லான் 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்தது.

ஆர்ஜி-58க்குள் இருப்பது கெட்டிப் பாலித்தீன். 80 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும். டெஃப்லான் 200 டிகிரியிலும் அசையாது. ஆனால் சோக் சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் போதாத சுற்றுகள். சோக்கின் இரு முனைக்கிடையே 100 வோல்ட் நிற்பதாக வைத்துக்கொண்டால், 500 ஓம் சோக்கில் 20 வாட் வெப்பம், 5,000 ஓம் சோக்கில் 2 வாட். 100 வாட் நிலையத்தில் ஒழுங்காகச் சுற்றிய ஆர்ஜி-58 சோக்குக்குக் கவலை இல்லை. ஆயிரம் வாட் ஆசை உள்ளவர்களும், எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம்) எகிறும் ஆண்டெனாவை வைத்து ஓட்டுபவர்களும் டெஃப்லானுக்குக் காசு கொடுப்பது நியாயம்.

நுரைப் பாலித்தீன் உள்ள ஆர்ஜி-8எக்ஸ் பற்றித்தான் உண்மையில் எச்சரிக்க வேண்டும். இறுக்கி வளைத்து, வெயிலிலும் வைத்தால் நடுக்கம்பி நுரையை அழுத்திக்கொண்டு பின்னலை நோக்கி நகரும். ஈப்போ வெயிலில், கூரைக்கு மேல், மூடிய பெட்டிக்குள் இது கற்பனை ஆபத்து அல்ல. கெட்டிப் பாலித்தீன் கேபிளையும் வளையத்தோடு ஒட்டி முறுக்காமல், 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் தளர்வாகச் சுற்ற வேண்டும்.

ஆஸ்ட்ரோ தட்டுக்கு இழுத்தது போக மூலையில் சுருண்டு கிடக்கும் ஆர்ஜி-6? வானொலி கேட்க மட்டும் என்றால் தாராளமாக. அனுப்பவும் வேண்டும் என்றால் வேண்டாம். அது 75 ஓம் கேபிள். பெரும்பாலும் நடுவில் செம்பு பூசிய எஃகு, மேலே அலுமினியப் பின்னல், ஈயப்பற்று பிடிக்காது. உள்ளே இருப்பதும் நுரைதான்.

கடையில் ‘ஆர்ஜி-58’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காமல், முனையில் ஓர் அங்குலம் உரித்துப் பார்ப்பது நல்லது. பின்னலின் இடைவெளியில் வெள்ளைப் பாலித்தீன் பளிச்சென்று தெரிந்தால் வேறு கேபிள் கேட்கலாம். சுற்றி முடித்துக் கம்பத்தில் ஏற்றிய பிறகு, குறைந்த வாட்டில் அனுப்பிக்கொண்டே வீட்டுக்குள் வரும் கேபிளின் உறையைக் கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். எஸ்டபிள்யூஆர் முள் அசைந்தால் வெளித்தோலில் இன்னும் மின்னோட்டம் ஓடுகிறது. இரண்டு மூன்று சுற்று கூட்டியோ, இன்னொரு வளையம் சேர்த்தோ மறுபடி பிடித்துப் பார்க்கலாம்.