புது அலாய் வீல், அணையாத டயர் விளக்கு

அலாய் வீல் மாற்றிய கையோடு, லாடம் போல வளைந்து நடுவில் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் எரிந்தால், பலரும் நேராகக் காற்றடிக்கப் போகிறார்கள். காற்று சரியாகவே இருக்கும், விளக்கும் அணையாது. "சென்சார் போச்சு சார், நாலையும் மாத்திடலாம்" என்று கடையில் சொல்வார்கள். அதற்குத் தலையாட்டுமுன் இந்த வரிசையில் பாருங்கள். வீல் மாற்றிய அன்றே வந்த கோளாறு என்றால் பொருத்திய விதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1. விளக்கைக் கவனியுங்கள்

ஸ்டார்ட் செய்ததிலிருந்து சிமிட்டாமல் எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு. ஒரு நிமிடம் போல மின்னிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், சென்சாரின் சிக்னல் வண்டிக்குக் கிடைக்கவில்லை. சில வண்டிகளில் பிஎஸ்ஐ எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் தெரியும், அதற்கும் இதே பொருள்தான். முதல் வகை என்றால், வண்டி குளிர்ந்திருக்கும்போது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். வேலை முடிந்தது.

2. உங்கள் வண்டியில் எந்த வகை?

ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக பிஎஸ்ஐ காட்டினால் வீலுக்குள் சென்சார் இருக்கிறது. எண் எதுவும் காட்டாமல் 'செட்' பட்டன் மட்டும் இருந்தால் அநேகமாக மறைமுக வகை. அதில் டயருக்குள் ஒன்றும் கிடையாது. காற்று குறைந்த டயர் சற்று வேகமாகச் சுற்றும், அதை ஏபிஎஸ் சென்சார் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். வீல் மாறினால் அந்தக் கணக்கு தப்பும். நாலு டயரிலும் காற்றைச் சரிசெய்து, செட் பட்டனை அழுத்திவைத்து, கொஞ்ச நேரம் சீராக ஓட்டினால் போதும். அதன் பிறகும் எரிந்தால் நாலு டயரும் ஒரே சைஸ்தானா, தேய்மானம் ஏறத்தாழ ஒன்றா என்று பாருங்கள். இந்த வகை வண்டிக்கு யாராவது சென்சார் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இனி வருவது வீலுக்குள் சென்சார் உள்ள வண்டிகளுக்கு.

3. பழைய சென்சார் எங்கே?

கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். புது வீலில் சாதாரண ரப்பர் வால்வைப் போட்டுவிட்டு, சென்சாரோடு பழைய வீலைக் கட்டி டிக்கியில் ஏற்றிவிடுவது நடக்கிறது. பழைய வீலை அங்கேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் சென்சாரும் சேர்ந்து போயிருக்கும். வெளியே உலோக வால்வும் அடியில் நட்டும் தெரிந்தால் சென்சார் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ரப்பர் வால்வு தெரிந்தால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ரப்பர் தண்டோடு வரும் சென்சாரும் உண்டு.

4. பொருத்தியது சரியா?

கம்பெனி வீலுக்கு அளவெடுத்துச் செய்த சென்சார், வேறு ரிம்மில் ஒழுங்காக உட்காரும் என்று உறுதியில்லை. கார் ரிம்மில் வால்வுத் துளை வழக்கமாக 11.5 மி.மீ. துளை பெரிதாகவோ அதன் அடிப்பரப்பு சமமில்லாமலோ இருந்தால் காற்று கசியும். வால்வு அடியில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சென்சார் உடல் ரிம்மின் பள்ளத்தில் படிந்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நின்றால் டயர் ஏற்றும்போதே மிஷினில் அடிபட்டு உடையும்.

நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, சென்சார் கம்பெனி சொன்ன அளவுக்குத்தான் முடுக்க வேண்டும். வீல் நட் போல இறுக்கினால் அலுமினியத் தண்டு முறியும். சென்சாரை இடம் மாற்றும்போது வாஷரும் சீலும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வால்வு ஊசி நிக்கல் பூசியதாக இருக்கட்டும். வெறும் பித்தளை ஊசி அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து இறுகிவிடும், கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். அலாய் வீலோடு இலவசமாகத் தரும் பளபள உலோக மூடிகளும் இப்படியே ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடி அழகில்லைதான், ஆனால் கழற்ற வரும்.

5. எந்த வீல் பேசவில்லை?

டிஸ்ப்ளேயில் மூன்று எண்களும் ஒரு கோடும் தெரிந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. நாலும் தெரிந்தும் இடம் மாறியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், ஒவ்வொரு டயரிலும் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், எந்த எண் எங்கே வருகிறது என்பது புரியும். சோதனை முடிந்ததும் காற்றைப் பழையபடி சரிசெய்ய மறக்காதீர்கள்.

டிஸ்ப்ளே உதவாவிட்டால் டிபிஎம்எஸ் (டயர் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு) கருவி உள்ள கடைக்குப் போங்கள். வால்வு அருகே கருவியைக் காட்டினால் சென்சார் விழித்து, தன் அடையாள எண், காற்றழுத்தம், பல மாடல்களில் பேட்டரி நிலை எல்லாவற்றையும் சொல்லும். கருவிக்குக் கேட்டு வண்டிக்குக் கேட்கவில்லை என்றால் பதிவு செய்வதுதான் பாக்கி. கருவிக்கே கேட்கவில்லை என்றால் சென்சார் செத்திருக்கலாம், அல்லது இந்த வண்டிக்குரியதாக இல்லாமல் இருக்கலாம்.

6. புதிது வாங்குவதானால்

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் வண்டிகளுக்கு 433 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் பெரும்பாலும் 315. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 315 வாங்கினால் அது எவ்வளவு கத்தினாலும் உங்கள் வண்டி காதில் விழாது. அலைவரிசை சேர்ந்தாலும் போதாது, உங்கள் மாடலுக்கு உரியதா என்றும் பாருங்கள். புரோகிராம் செய்யும் சென்சார் என்றால் பழைய சென்சாரின் எண்ணையே அதில் ஏற்றச் சொல்லலாம், அப்போது வண்டியில் தனியாகப் பதிய வேண்டியதில்லை. பேட்டரியைத் தனியே மாற்ற முடியாது, ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டு. ஏழெட்டு வருட வண்டி என்றால், டயர் கழன்றிருக்கும்போதே நாலையும் புதிதாகப் போடுவதில் நியாயம் இருக்கிறது.

7. வண்டிக்கு அறிமுகம்

சில வண்டிகள் தாமாகவே கற்றுக்கொள்ளும். இருபது நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு பைபாஸில் நிற்காமல் இருபது நிமிடம் ஓட்டுங்கள். வீல் சுற்றினால்தான் சென்சார் முறையாக விழிக்கும், சிக்னலுக்குச் சிக்னல் நின்றால் வேலைக்காகாது. வேறு சில வண்டிகளுக்கு மெனுவிலோ ஓபிடி போர்ட் வழியாகவோ எண்களைப் பதிய வேண்டும். எந்த முறை என்று ஓனர் மேனுவலில் இருக்கும்.

விளக்கின் மேல் டேப் ஒட்டும் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-ல் விதி தளர்ந்தது. உங்கள் வண்டி அப்படி வந்ததாக இருந்தால் நடுவழியில் முன்கூட்டிச் சொல்ல அந்த விளக்கு மட்டும்தான் உண்டு.