அமிர்தி மலையில் ஒரு லிட்டர் எங்கே போச்சு?

எஃபிஷியன்சி கணக்கை வகுப்பில் எத்தனையோ தடவை போட்டிருப்போம். பரீட்சை முடிந்ததும் மறந்தும் போயிருப்போம். அதே கணக்கு எங்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்து நின்ற கதை இது.

என் அண்ணன் வேலூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். அமிர்தி உயிரியல் பூங்காவையும் அருவியையும் பார்க்கப் போகிறவர்கள், "அப்படியே ஜவ்வாது மலை மேலயும் கொஞ்ச தூரம் போய்ட்டு வந்துடலாம்" என்பார்கள். போக வர 90 கி.மீ. "வண்டி லிட்டருக்கு 18 குடுக்கும், 5 லிட்டர் போதும்" என்று அண்ணன் வாடகை பேசிவிடுவார். மாசக் கடைசியில் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது.

"அண்ணா, அந்த 18 எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டேன். "சென்னை ரோட்டுலடா!" என்றார். சரி, மலையில் அளந்து பார்ப்போம் என்று இறங்கினோம். நீங்களும் செய்யலாம்:

1. பங்க்கில் டேங்க்கை நிரப்புங்கள். பம்ப் தானாக கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள்.

2. ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

3. திரும்பி வந்ததும் அதே பங்க்கில், அதே பம்ப்பில், மறுபடி முதல் கட் வரை நிரப்புங்கள். பில்லில் உள்ள லிட்டர்தான் செலவான பெட்ரோல்.

4. கி.மீ.யை லிட்டரால் வகுங்கள்.

ஒரு ட்ரிப் போதாது. நிரப்புவதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நாங்கள் நான்கு ட்ரிப் கூட்டினோம். 360 கி.மீ., 24 லிட்டர். ஆக, லிட்டருக்கு 15 கி.மீ.தான்! ட்ரிப்புக்கு 5 இல்லை, 6 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால்கூட பத்து ட்ரிப்பில் ஆயிரம் ரூபாய் அண்ணன் கையிலிருந்து போயிருக்கிறது.

அந்த ஒரு லிட்டர் எங்கே போச்சு? ஆட்களோடு கார் 1,400 கிலோ என்று கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற 1,400 × 9.8 × 100, அதாவது சுமார் 1.37 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருந்தாலும், அதில் கால் பங்கு, 8 மெகாஜூல்தான் சக்கரத்துக்கு வரும் என்று வையுங்கள். அப்படியானால் 100 மீட்டருக்கு 170 மில்லி. 500 மீட்டர் ஏறினால் 850 மில்லி! இறங்கும்போது அதில் பெரும்பகுதி பிரேக் சூடாகத்தான் போகிறது.

இன்னொரு தப்பும் நாம் செய்வோம். ஏறும்போது 10, இறங்கும்போது 20 என்றால் சராசரி 15 என்போம். தவறு! 20 கி.மீ. ஏற 2 லிட்டர், 20 கி.மீ. இறங்க 1 லிட்டர். 40-ஐ 3-ஆல் வகுத்தால் 13.3தான். மொத்த தூரம், மொத்த லிட்டர், இதுதான் கணக்கு.

மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரை விட்டால் பெட்ரோல் பெரும்பாலும் நின்றே விடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குச் செலவாகும்.

இப்போது அண்ணன் மலைக்குத் தனி ரேட் பேசுகிறார். டேஷ்போர்டில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கிறது. உங்கள் வீட்டு வண்டியிலும் ஒரு நோட்டு இருக்கட்டும், நண்பர்களே!