கஞ்சிப்பாசியின் கணக்கு

அன்பு மருமகளுக்கு,

 

உடல் செல்லில் 46 குரோமோசோம் இருக்கும்போது இனச்செல்லில் மட்டும் ஏன் 23 என்று கேட்டிருந்தாய். விந்தணுவும் அண்டமும் 46, 46 என்றே சேர்ந்தால் பிள்ளைக்கு 92, பேரப்பிள்ளைக்கு 184 ஆகிவிடும். அப்படி ஏறிக்கொண்டே போனால் எந்த உயிரும் தாங்காது. அதனால் சேருவதற்கு முன் ஒரு முறை பாதியாக வேண்டும். அந்தப் பகுப்புதான் மியாசிஸ். பாதி என்றால் கைக்கு வந்த 23 அல்ல. 46 என்பது 23 ஜோடி. ஜோடிக்கு ஒன்று வீதம் பிரிய வேண்டும். 21ஆவது ஜோடி பிரியாமல் போய்ப் பிள்ளைக்கு அதில் மூன்று வந்துவிட்டால், அதுதான் டவுன் சிண்ட்ரோம்.

ஆனால் உடல் என்றால் முழு எண்ணிக்கை, இனச்செல் என்றால் பாதி என்பதை எல்லா உயிருக்கும் விதியாக எழுதிவிடாதே. புதுமடம் கரையில் ஒதுங்கும் கஞ்சிப்பாசியைப் பார். நோன்பு திறக்கும்போது சாப்பிடுகிற கடற்பாசி இனிப்புக்கான அகரை இந்த மாதிரிச் சிவப்புப் பாசிகளிலிருந்துதான் எடுக்கிறார்கள். கஞ்சிப்பாசியில் சில செடிகளின் உடல் முழுவதுமே பாதி எண்ணிக்கை, அதாவது ஒற்றைமடியம். வேறு சில முழு எண்ணிக்கை, அதாவது இரட்டைமடியம். இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே கிளைப்பு. கையில் வாங்கிப் பார்த்தாலும் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. எனக்கு இது இன்றுவரை பெரிய அதிசயம்.

சில கொத்துகளில் மட்டும் கிளை நெடுக கடுகு போல் புடைப்புகள் இருக்கும். விரலால் தடவினால் நெருடும். அது ஒற்றைமடியச் செடிகளில் கருவுற்ற பெண் செடி. ஆண் செடியின் இனச்செல்லுக்கு வால் கிடையாது. பெரும்பாலும் நீரோட்டம்தான் அதைப் பெண் செல்லிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. சேர்ந்ததும் எண்ணிக்கை முழுதாகி, அந்தப் புடைப்புக்குள்ளே இரட்டைமடிய வித்துகள் உருவாகின்றன. அவை பாறையில் ஒட்டி இரட்டைமடியச் செடியாகும். மியாசிஸ் நடப்பது அந்தச் செடியில். அங்கிருந்து நான்கு நான்காக வெளிவரும் ஒற்றைமடிய வித்துகள் மறுபடி ஆண், பெண் செடிகளாக வளரும். இவை இனச்செல் உண்டாக்கும்போது மேலும் பாதியாவதில்லை, ஏற்கெனவே பாதிதானே! ஆக, ஒற்றைமடியச் செடியின் உடல் செல்லிலும் இனச்செல்லிலும் எண்ணிக்கை ஒன்றேதான்.

மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசி வேறு. துண்டு ஒடித்துக் கட்டினால் சாதாரண செல் பகுப்பிலேயே வளர்ந்துவிடும். பாதியாவதும் இல்லை, சேர்வதும் இல்லை.

புடைப்பு இல்லாத கஞ்சிப்பாசிக் கிளை ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுபோய், டீச்சர் உதவியோடு பிளேடால் குறுக்கே மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுக் கடல்நீர் விட்டு நுண்ணோக்கியில் வை. ஓரத்துச் செல்களுக்கு நடுவே நான்காகப் பிளந்த சிவந்த செல் தென்பட்டால், அது இரட்டைமடியச் செடி. மியாசிஸ் அங்கே நடந்திருக்கிறது. தென்படாவிட்டால் வேறு கொத்தில் பார். கண்டதைப் படம் வரைந்து அனுப்பு.

அன்புடன்,
மாமா