7 எழுத்து, 39 பைட்

எங்கள் ஊர்ப் பெயரை நல்லேப்பிள்ளி என்று எழுதினால் கண்ணுக்கு 7 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் அது 39 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றும் 3 பைட். மலையாளத்தில் எழுதினாலும் அதே 39தான். எங்கள் ஊரில் ஒரே பேச்சில் இரண்டு மொழியும் கலந்து வரும். வீட்டு வைஃபைக்குள் ஓட நான் பைதானில் எழுதிய அரட்டை சர்வருக்கு இந்தக் கணக்கு முதலிலேயே தேவைப்பட்டது.

சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட்: சர்வரைத் தொடங்க 1983இல் பெர்க்கிலியின் 4.2 பிஎஸ்டியோடு வந்த அழைப்பு வரிசை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இதில் இரண்டே எச்சரிக்கை. 127.0.0.1இல் பைண்ட் செய்தால் வெளியிலிருந்து எந்த போனும் நுழையாது, 0.0.0.0 கொடுங்கள். சர்வரை நிறுத்தி உடனே ஓட்டும்போது முகவரி பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வந்தால், பைண்டுக்கு முன் ரீயூஸ் அட்ரஸை ஆன் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு த்ரெட் போதும், வீட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

சிக்கல் டிசிபியில்தான். மூன்று செய்தி அனுப்பினால் மூன்று முறை வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். டிசிபிக்குச் செய்தி என்ற ஒன்றே தெரியாது. பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவரும், அவ்வளவுதான். வாய்க்காலில் மூன்று குடம் கவிழ்த்தால், மடையில் நின்று எது எந்தக் குடத்துத் தண்ணீர் என்று சொல்ல முடியுமா?

பாடங்களில் ரெசீவ் 1024 என்றுதான் இருக்கும். 1024ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. இடைவெளியே இல்லாத தமிழ் வரி என்றால் 342ஆவது குறியீட்டின் முதல் பைட் மட்டும் வந்து நிற்கும். அங்கேயே டீகோட் செய்தால் நிரல் விழுந்துவிடும். பஃபரைப் பெரிதாக்கினால் ஒரே கணினிக்குள் சரியானது போலத் தெரியும், ஏனென்றால் லினக்ஸின் லூப்பேக் சுமார் 65000 பைட் வரை ஒரே பாக்கெட்டில் ஏற்றும். வெளியே ஈதர்நெட்டில் அது அதிகம் போனால் 1460. அதுவும் 3ஆல் வகுபடாது. 'ஹலோ' அனுப்பிப் பார்த்து முடித்துக்கொள்பவர் கண்ணில் இது படவே படாது. நீளமான தமிழ்ப் பத்தி ஒன்றை போனிலிருந்து அனுப்பிப் பாருங்கள்.

தீர்வு எளிது: செய்தி எங்கே முடிகிறது என்று நாமே குறித்துவிட வேண்டும். வரும் பைட்டுகளைப் பைட்டாகவே சேர்த்து வைத்து, வரிமுறிவு (பைட் மதிப்பு 10) வந்ததும் அதுவரை உள்ளதை மட்டும் டீகோட் செய்யுங்கள். தமிழ் எழுத்தின் எந்த பைட்டும் 128க்குக் கீழே இறங்காது, ஆகவே நடுவில் ஏமாற வாய்ப்பில்லை. வரிமுறிவே இல்லாமல் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு 64 கேபி போல ஒரு வரம்பு வைத்து, தாண்டினால் மூடிவிடுங்கள். படம் அனுப்புவதென்றால் முன்னால் 4 பைட்டில் நீளம். அனுப்பும் பக்கம் சென்ட் பாதியில் நிற்கலாம், சென்ட்ஆல் எழுதுங்கள்.

ரெசீவ் வெறுமையாகத் திரும்பினால் எதிர்ப்பக்கம் மூடிவிட்டது என்று பொருள். போன் வைஃபை எல்லையைத் தாண்டினாலோ கரண்ட் போய் ரூட்டர் அணைந்தாலோ அதுகூட வராது. கீப்அலைவை ஆன் செய்தாலும் லினக்ஸ் இயல்பாக 7200 நொடி கழித்துத்தான் முதலில் விசாரிக்கும். இரண்டு மணி நேரம் யார் காத்திருப்பது? என் சர்வரில் டைம்அவுட் 60 நொடி. கிளையண்ட் 20 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்று வரி அனுப்பும். சர்வர் அதை யாருக்கும் பரப்பாமல் விழுங்கிவிடும்.