மாண்ட பின்னும் மறையாத பணிகள்

பத்தாம் வகுப்பு மாணவி, கடமலைக்குண்டு

முன்னுரை

தோன்றிய யாவும் ஒருநாள் முடிவடைவது இயற்கை. ஆயினும் முடிந்துபோன ஒன்றின் பெயர் ஏட்டிலிருந்து நீங்காமல் நிற்பதும் உண்டு. நம் சிற்றூர்களில் ஒருவர் காலமானால் 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் வழி வந்த முறை இது. வீட்டார் சென்று சொல்லாவிட்டால், மறைந்தவரின் பெயர் குடும்ப அட்டையில் அப்படியே இருக்கும்.

அதே 1969-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்னும் அறிஞர்கள் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதனுள்ளும் இத்தகைய ஓர் ஏடு உண்டு. அதில் நீங்காமல் நிற்கும் பெயர்களைப் பற்றி அறிவோமா, தோழியரே?

தாயும் சேயும்

யூனிக்ஸைப் பின்பற்றி 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதே லினக்ஸ். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயக்க முறைமையும் லினக்ஸ் வகையே. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் இது நம் அக்காமார் பலரின் கைக்கும் வந்தது. உலகின் சர்வர்களில் மிகப் பல இன்று லினக்ஸில்தான் ஓடுகின்றன.

கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும் 'பிராசஸ்' என்பர். நாம் அதைப் பணி என்போம். ஒரு பணி மற்றொரு பணியைப் பெற்றெடுக்கும். முன்னது தாய், பின்னது சேய். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எல்லாவற்றுக்கும் மூத்த பணியின் எண் 1. அதன் பெயர் 'இனிட்'.

சேய் தன் வேலையை முடித்ததும் அது பிடித்திருந்த நினைவகம் விடுவிக்கப்படும். திறந்த கோப்புகள் மூடப்படும். ஆனால் ஏட்டில் ஒரு வரி மட்டும் நிற்கும். அதில் சேயின் எண்ணும் முடிவுச் செய்தியும் இருக்கும். முடிவு 0 என்றால் வேலை நலமாக முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ குறை. தாய் 'வெயிட்' என்னும் அழைப்பின் மூலம் இச்செய்தியைப் பெற்றுக்கொண்டதும் அவ்வரி அழிந்துவிடும். பெற்றுக்கொள்ளாத வரையில் அச்சேய் மாண்டும் மறையாத 'ஜாம்பி' ஆகும்.

இது யூனிக்ஸின் குறையன்று. சேய் என்ன ஆயிற்று என்பது தாய்க்குத் தெரியாமல் போகக் கூடாது என்பதற்காகவே அவ்வரி காக்கப்படுகிறது. முடியும் சேய்ப்பணிகள் கண்ணிமைக்கும் நேரமாவது இந்நிலையைக் கடப்பது வழக்கம்.

தீங்கு எப்போது?

ஜாம்பி நினைவகத்தை உண்பதில்லை. செயலியின் நேரத்தையும் எடுப்பதில்லை. அது பிடித்து வைப்பது ஓர் எண்ணை மட்டுமே. ஆனால் எண்களுக்கும் எல்லை உண்டு. லினக்ஸில் நெடுங்காலமாக வழக்கிலுள்ள எல்லை 32,768. (இன்றைய 64 பிட் கணிப்பொறிகளில் இதை 41,94,304 வரை உயர்த்தலாம்.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிழையான தாய்ப்பணி ஒன்று நிமிடத்துக்கு ஒரு சேயைப் பெற்று, எதன் முடிவையும் கேட்காமல் விடுவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1,440 ஜாம்பிகள். 23-ஆம் நாளில் 32,768 எண்களும் தீர்ந்துவிடும். சர்வரில் மின்சாரம் இருக்கும், நினைவகம் இருக்கும். ஆனால் புதிய பணி பிறக்க எண் இராது. பழுதுபார்க்க வருபவர்கூட உள்ளே நுழைய இயலாது போகலாம். அந்தச் சர்வரில் நம் தேர்வு முடிவுகள் இருந்தால் நம் நிலை என்னவாகும்!

கண்டறியும் முறை

'பி.எஸ்.' என்னும் கட்டளை பணிகளின் பட்டியலைக் காட்டும். நிலையைக் குறிக்கும் இடத்தில் 'இசட்' என்ற ஆங்கில எழுத்தும், பெயருக்கு அருகில் 'டிஃபங்க்ட்' என்ற சொல்லும் இருந்தால் அது ஜாம்பி. உடனே அதன் தாயின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீக்கும் வழிகள்

ஓடும் பணியை நிறுத்த 'கில்' என்ற கட்டளை உண்டு. அதனை 9 என்ற எண்ணோடு கொடுத்தால் மிகக் கடுமையானது. ஆனால் ஜாம்பியிடம் அது பலிக்காது. செத்த பாம்பை அடித்து என்ன பயன்? நாம் அணுக வேண்டியது தாயை.

1. 'சிக்சைல்டு' என்னும் குறிப்பைத் தாய்க்கு அனுப்பலாம். "உன் சேய் முடிந்தது, வந்து செய்தி பெறு" என்பது அதன் பொருள். தாயின் நிரலில் அதற்கு ஏற்பாடு இருந்தால் மட்டுமே பயன் தரும்.

2. பயன் இல்லையேல் தாயை முறைப்படி நிறுத்தி மீண்டும் தொடங்கலாம். தாய் மறைந்ததும் அதன் சேய்களைப் பெரும்பாலும் 1-ஆம் எண் பணியே தத்தெடுத்து, முடிவுகளைப் பெற்று, ஏட்டைத் துப்புரவாக்கும். ஆனால் அத்தாய் எது என்று பாராமல் கை வைக்கக் கூடாது. அது தரவுத்தளமாக இருந்தால் பலருடைய வேலை பாதியில் அறுந்துபோகும்.

3. சர்வரையே அணைத்து ஏற்றினாலும் ஜாம்பிகள் மறையும். எல்லோருடைய வேலையும் தடைப்படுவதால் இது கடைசி வழி.

4. நிரலைத் திருத்தி, 'வெயிட்' அழைப்பை உரிய இடத்தில் சேர்ப்பதே நிலையான மருந்து. மற்றவை அன்றைய நோவுக்கு மட்டுமே. பிழை இருக்கும் வரை ஜாம்பிகள் மீண்டும் சேரும்.

முடிவுரை

ஏட்டில் நிற்கும் பெயரைக் கண்டு மாண்டதன் மீது சினம் கொள்வதில் பொருளில்லை. அது தன் வேலையை முடித்து, செய்தியையும் வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. தவறு, கேட்க வராத தாயினுடையது. நாளை நம்மில் யாரேனும் நிரல் எழுதும் பொறியாளராகலாம். வகுப்புத் தலைவியாக இன்றே பணிகளைப் பகிர்ந்தளிப்பவரும் உண்டு. ஒரு வேலையை ஒருவரிடம் ஒப்படைத்தால், அதன் முடிவைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமையே என்பதை மனத்தில் கொள்வோமாக!